ரெக்ஸ்டேலின் ரோமாபுரி

ரோமாபுரி இடிந்தது வீண்போகவில்லை. புலம்பெயர்ந்து வந்து ரெக்ஸ்டேலில் வாழும் மோகனசுந்தரம் என்றொருவர் அதைப் பார்த்துக் கண்கலங்க வேண்டும் என்பதற்காகவே அது இடிந்தது என்று துணிந்து சொல்லலாம்.

ஏலத்தில் அவர் எடுத்த, சட்டையில் குத்திக்கொள்ளும் பழைய புரூச் உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் ரோமாபுரிக் கோயில் ஒன்றின் இடிபாடு. தூரிகையால் தீட்டியதல்ல, கடுகிலும் சிறிய கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பதித்த ‘மைக்ரோமொசைக்’. மூன்று தூண்கள் நிற்கின்றன, நாலாவது சரிந்து கிடக்கிறது. அந்த நாலாவதைப் பார்க்கும்போதெல்லாம் மனுசன் கைக்குட்டையை எடுத்துவிடுவார். அப்படியோர் இளகிய மனம்!

இந்த மனத்தின் அருமை தெரியாமல்தான், அவர் வீட்டு நிலத்தடிப் பேஸ்மென்றில் குடியிருக்கும் அன்ரனெற் அன்றைக்கு மேலே ஏறி வந்தாள்.

“அங்கிள், பாத்றூம் சுவரில ஒட்டின ரைல் எல்லாம் கழண்டு விழுகுது. மன்னாரில இருந்து அம்மா வெள்ளிக்கிழமை வந்து இறங்கிறா. ஏலாத மனுசி. உதுக்குள்ள வைச்சு எப்பிடிக் குளிக்க வாக்கிறது?”

அவர் கோபப்படவில்லை. ரசிகர்கள் கோபப்படுவதில்லை. புரூச்சை எடுத்து நீட்டினார்.

“இதைப் பார் பிள்ளை. ஒரு துண்டை மாத்தினாலும் மதிப்புப் போயிடும். உடைஞ்சதை உடைஞ்சபடி விடுறதுதான் நாகரிகம்.”

“அப்ப என்ர பாத்றூமும் நாகரிகமோ?”

“உனக்கு இன்னும் கண் பழகேல்லை.”

அன்ரனெற்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறென்று இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் மாலை அவர் வீட்டுக் கூடத்தில் புரூச்சின் ‘தரிசன வைபவம்’. கலாரசிகர் மன்றத் தலைவர் ஸ்ரீதரன் பரிவாரத்தோடு வந்து ஆசனத்தில் அமர்ந்தார். “இடிபாடுகளைப் பேணுவது நம் கடமை” என்று மோகனசுந்தரம் குரல் தழுதழுக்க உரையாற்றினார். கைதட்டல் ஓய்ந்ததும், வாசலில் நின்ற அன்ரனெற் வெகு பணிவாகச் சொன்னாள்:

“எல்லாரும் கீழயும் ஒருக்கா வாங்கோ. அங்கிள் பேணிற மற்ற இடிபாடு அங்கதான் இருக்கு.”

சபை படியிறங்கியது. “அது இன்னும் திறப்பு விழா செய்யேல்லை!” என்று மோகனசுந்தரம் பின்னால் ஓடினார். ஆர் கேட்டது!

ஸ்ரீதரன் குளியலறைச் சுவரை மரியாதையோடு தொட்டார். ஒரு ரைல் கழன்று அவர் காலடியில் விழுந்தது. தலைவர் நெகிழ்ந்துபோய் வீட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

“ரோமாபுரிக்காரருக்கும் வராத மூளை அண்ணை உங்களுக்கு! அவங்கட இடிபாட்டுக்குள்ள ஒரு குருவியும் குடியில்லை. நீங்கள் உள்ளுக்கு ஒரு பிள்ளையை வைச்சு, மாதா மாதம் வாடகையும் எடுக்கிறியள்!”