செவுரு காயணும்

"நாப்பத்திரண்டு குடும்பம் கெளம்பிப் போயாச்சு. நீங்க மட்டும் ஏம்மா அடம் பிடிக்கிறீங்க?"

வருவாய் ஆய்வாளர் இருதயராஜ் இதை நான்காவது முறையாகக் கேட்டார். ஐந்து மணிக்குள் வெள்ள நிவாரண முகாமை மூடியாக வேண்டும். முகாம் நடந்த கல்யாண மண்டபத்தில் நாளைக்கு முகூர்த்தம். வாசலில் வாழைமரம்கூடக் கட்டியாயிற்று.

"ஊட்டுல முட்டி வரைக்கும் தண்ணி கீது சார்," என்றாள் வேம்புலியம்மாள். "தண்ணி போனாலும் தர காயணும். தர காஞ்சாலும் செவுரு காயணும். அப்புறந்தான் போவேன்."

அவள் புருஷன் சின்னசாமி பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். வந்த பத்து நாளாக அப்படித்தான்.

செவுரு காயணுமாம். மூன்று வேளையும் சும்மா சாப்பாடு கிடைத்தால் யாருக்குத்தான் கிளம்ப மனம் வரும் என்று நினைத்துக்கொண்டார் இருதயராஜ். பத்து நாளாக அவரும் அதே சாம்பார் சாதத்தைத்தான் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோட்டார் வச்சு எறைச்சுத் தர்றேன். போவீங்களா?"

"செவுரு?"

"அது தானா காயும்மா."

மேலே மேலே ரோடு போட்டுத் தெரு உயர்ந்து, வீடுகளெல்லாம் பள்ளமாகிவிட்ட நூம்பல் பக்கத்துக் காலனி அது. வாசலில் மணல் மூட்டை அடுக்கி, அவள் வீட்டுத் தண்ணீரைத் தெருவில் கொட்டினார்கள். தெரு அதை எதிர்வீட்டு லோகேஷிடம் தள்ளிவிட்டது. காலையில்தான் வீட்டைக் கழுவிவிட்டிருந்த லோகேஷ், பாய் தலையணையோடு மண்டபத்துக்குத் திரும்பி வந்தான்.

"இன்னா சார், எங்க ஊட்ட ஏரியாக்கிட்டீங்க?"

இருதயராஜ் ஹோஸை அடுத்த தெருவுக்கு நீட்டினார். கால்வாய்த் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. அங்கிருந்து பதினோரு குடும்பம் வந்து இறங்கியது. ஒரு குடும்பத்தை அனுப்பப் போய், பதின்மூன்றாகிவிட்டது.

ஆத்திரத்தில் லோகேஷ் ஹோஸைத் தூக்கி, தெருக்கோடியிலேயே இருந்த மண்டபத்து மதிலுக்கு மேலே போட்டுவிட்டான். ஐந்து மணிக்கு வாழைமரமும் இருதயராஜின் பைக்கும் தண்ணீரில் நின்றன.

தாசில்தார் போன் செய்தார். "முகாம் மூடியாச்சா?"

"மூடியாச்சு சார்."

"எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க சார்."

பொய்யில்லை. போயிருந்தார்கள், எல்லாரும் ஒரே வீட்டுக்கு. அந்த இரண்டு தெருவிலும் தண்ணீர் இல்லாத வீடு இப்போது வேம்புலியம்மாளுடையதுதான். அவளும் வேறு வழியில்லாமல் வந்திருந்தாள்.

"புள்ளைங்கள நடுவுல குந்த வைங்க," என்று அதட்டிக்கொண்டிருந்தாள். "யாரும் செவுத்துல சாயாதீங்க."

பதின்மூன்று குடும்பமும் ஒற்றை அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. நனைந்த பேண்ட்டோடு இருதயராஜும் உள்ளே நுழைந்தார். தன்னை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது.

"தெருவுல கரண்ட் வந்துடுச்சே. ஒரு லைட்டக்கூடப் போடாம உக்காந்திருக்கீங்க?" என்று சுவரை நோக்கிக் கையை நீட்டினார்.

சின்னசாமி அந்தக் கையை எட்டிப் பிடித்தார். பத்து நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"வேணாம் சார். போன வெள்ளத்துல முகாம மூடி எங்கள அனுப்புனப்போ, எங்க புள்ள சரண் அந்த சுவிச்சத்தான் போட்டான்."