வேளாங்கண்ணிக்கு நான் வரைந்த பாதை

'எனக்குத் தெரியாது' என்று சொல்வதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும். நாலு பேர் முன்னால் சொல்கிற அளவுக்கு எனக்கு அது நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதுவரை யார் எதைக் கேட்டாலும் தரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பேன். சும்மா நிற்கிறவனுக்கு விஷயம் நிறையத் தெரியும் என்று பெங்களூரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. (மற்ற ஊர்களிலும் இருக்கலாம். விசாரித்ததில்லை. விசாரிக்கவும் கூச்சம்.)

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் விவேக் நகரிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போக எங்கள் தெருவில் பதினோரு பேர் கிளம்பினோம். ஐந்து நாள் பயணம். திருவிழாக் கொடி ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். முந்தின வருஷம் நெடுஞ்சாலையில் போன ஒருவர் லாரி உரசிக் கையை ஒடித்துக்கொண்டு வந்திருந்தார். அதனால் பங்குச் சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லாரித் தொல்லை இல்லாத பாதையை வரைந்து காட்டினால்தான் ஆசீர்வாதம்.

எங்கள் தலைவர் லூர்து அண்ணன், தையல்காரர். ஒன்பது வருஷம் காத்திருந்து அப்போதுதான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வேறு எந்த வண்டியிலும் ஏறாமல் போய்க் கொடியேற்றம் பார்ப்பதாக நேர்ந்திருந்தார். அவருக்குப் பிலோமினா என்று ஒரு தங்கை உண்டு. அந்தத் தங்கையை எனக்குத் தருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. என் நிலைமை இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

பயணத்தைத் திட்டமிட மூன்று மணி நேரம் கூட்டம் நடந்தது. காவிச் சட்டைக்குக் காலர் வேண்டுமா என்பதற்கு ஒரு மணி நேரம். பேனரில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்பதற்கு மீதி நேரம். எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடும்போது ஒருவருக்குப் பாதை ஞாபகம் வந்தது. "அந்தோணி அடுகோடியிலதான வேலை செய்யறான்? ஓசூர் ரோடு பக்கம் எல்லாம் அவனுக்குக் கரெக்டா தெரியும்" என்றார். நான் வேலை பார்த்த வெல்டிங் பட்டறைக்கு அப்பால் அந்தச் சாலை எங்கே போகிறது என்றே எனக்குத் தெரியாது. தரையைப் பார்த்தேன். தீர்மானம் நிறைவேறிவிட்டது.

எனக்கு இருந்த ஒரே வழி சூசை மாமா. அக்காவின் புருஷன், லாரி ஓட்டுகிறவர். ஆனால் பயணம் என்று சொன்னால் லூர்து பேச்சு வரும், லூர்து பேச்சு வந்தால் பிலோமினா பேச்சு வரும், பிறகு மாமா என்னை ஒரு வாரம் கிண்டல் செய்வார். ஆகையால் யாருக்கு, எதற்கு என்று ஒன்றுமே சொல்லாமல், தர்மபுரிப் பக்கம் தொல்லை இல்லாமல் போக எது நல்ல ரோடு என்று மட்டும் கேட்டேன். பட்டறை முதலாளி ஏதோ இரும்பு லோடு அனுப்பப் போகிறார் என்று மாமா நினைத்துக்கொண்டார். ஆனேகல், தளி, தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை என்று வரிசையாகச் சொன்னார். கூடவே, "செக்போஸ்ட் கிடையாது, எடை போட மாட்டான், ஒரு பேஜாரும் இல்ல மச்சான்" என்றார். சைக்கிளை யார் எடை போடப் போகிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் இரண்டாவது கேள்வி கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படம் மட்டும் நன்றாகப் போடுவேன். பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரும்பு ஸ்கேலை வைத்துப் பாதையை வரைந்தேன். ஸ்கேல் நேராக இருந்ததால் சாலையும் நேராக வந்தது. இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருந்ததால் மரங்கள் வரைந்து பச்சை அடித்தேன். சாமியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நல்ல நிழல் இருக்கிறது, ஏற்ற இறக்கமும் இல்லை என்று பாராட்டி, என்னையும் படத்தையும் சேர்த்து ஆசீர்வதித்தார்.

விடியற்காலையில் மாதா படம், கொடி, காலர் வைத்த காவிச் சட்டை சகிதம் கிளம்பினோம். ஆனேகல் வரை நான் ஒரு வீரன். தளியில்கூட இரண்டு பேர் என் முதுகில் தட்டினார்கள். தேன்கனிக்கோட்டை தாண்டியதும் பாதை என் ஸ்கேலை மதிக்காமல் மலையைச் சுற்ற ஆரம்பித்தது. அடுத்து ஒரு லாரி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. இரண்டிலும் வீட்டுச் சுவர் அளவுக்குப் பாறைகள். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அளவுக்கு மேல் கல் ஏற்றிய லாரிகள் எல்லாம் எடை மேடைக்குப் பயந்து ஓடுகிற ரகசியப் பாதைக்குத்தான் நான் பச்சை அடித்திருந்தேன்.

சாலை ஒரு லாரி அகலம். ஒவ்வொரு லாரிக்கும் பதினோரு பேரும் சைக்கிளோடு பள்ளத்தில் இறங்கி, தூசி அடங்கியதும் ஏறுவோம். நாற்பது வரை எண்ணினேன், பிறகு கண்ணில் மண். ஒருமுறை இறங்கும்போது லூர்து அண்ணன் உருண்டு, அவர் சைக்கிளின் முன்சக்கரம் அப்பளம் போல வளைந்துவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றது. ஜன்னலில் சூசை மாமாவின் தலை.

"டேய் அந்தோணி, சைக்கிள எடுத்துக்கினு இங்க இன்னாடா பண்றீங்க?"

"நீங்கதான மாமா சொன்னீங்க."

"சைக்கிளுக்குன்னு சொன்னியாடா நீ? சொல்லியிருந்தா வேற ரோடு சொல்லியிருப்பேனே."

என் படம் எங்கிருந்து வந்தது என்பது பத்துப் பேர் முன்னால் வெளியாகிவிட்டது. மாமா நல்ல மனுஷர். எல்லாரும் கல் மேல் ஏறுங்கள், தர்மபுரியில் இறக்கிவிடுகிறேன் என்றார். ஒன்பது பேர் சைக்கிளோடு ஏறிவிட்டார்கள். லூர்து அண்ணன் மட்டும் வளைந்த சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நேர்ச்சை. நானும் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். (பக்தி என்று எழுத ஆசைதான். லாரியில் அந்த ஒன்பது பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தைரியம் இல்லை.)

ராயக்கோட்டை வரை நடை. பாதி வழியில் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, எனக்கு ரோடே தெரியாது."

"தெரியும்."

"எப்பண்ணே?"

"நீ படம் காட்டினப்பவே. மலைய மொத்தமா காணோமே."

"அப்ப ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

அவர் வளைந்த சக்கரத்தைக் கை மாற்றிப் பிடித்தார். "நான்தான் தலைவன். எனக்கும் ரோடு தெரியாதுன்னு அத்தனை பேர் முன்னாடி எப்படிடா சொல்றது?"

அந்த நிமிஷம்தான் அவர் எனக்கு மச்சான் ஆனார். பிறகு நடந்த கல்யாணம் வெறும் சடங்கு.

ராயக்கோட்டையில் சக்கரத்தை நிமிர்த்தி, வழியில் பார்க்கிற ஒவ்வொருவரிடமும், சைக்கிளுக்கு என்று சொல்லியே பாதை கேட்டு மிதித்தோம். அவர் கேட்பார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். ஐந்தாம் நாள் கொடி பாதி கம்பம் ஏறியபோது போய்ச் சேர்ந்தோம். கூட்டத்துக்கு வெளியிலிருந்து, மற்றவர்களின் தலைக்கு மேலாகத்தான் தெரிந்தது. லூர்து அண்ணன் சைக்கிளைப் பிடித்தபடியே அழுதார்.

ஒன்பது பேரும் மறுநாள் பஸ்ஸில் வந்தார்கள். கோயிலுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு குறுக்கு வழியில் போவது பாவம் என்று, சூசை மாமா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக நேர் வழியில் போயிருக்கிறார். முதல் எடை மேடையிலேயே லாரி, கல், சைக்கிள், ஒன்பது காலர் எல்லாம் பிடிபட்டன. நாலு நாள் அங்கேயே.

இப்போது எனக்கும் பிலோமினாவுக்கும் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். அவள் கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழிப்படம் போடுவதாக இருந்தால் என்னைத் தெருப்பக்கம் அனுப்பிவிட வேண்டும் என்பது லூர்து மச்சான் போட்டிருக்கும் நிபந்தனை. நான் மருந்துக் கடைக்குக் கிளம்பினால்கூட, என் பிலோமினா அடுப்படியிலிருந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வாள்:

"சைக்கிளுக்குன்னு சொல்லிக் கேளுங்க."