வலது காலின் பங்கு

பெருமுக்கல் மலையடிவாரத்தில் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் குடிக்கும்போதுதான் ஜூட் அதைக் கவனித்தார். ஹேண்டில்பாரில் இருந்த சின்னத் திரை, அன்றைய காலை ஓட்டத்தில் அவருடைய இடது கால் நூற்றுக்கு ஐம்பத்தாறு பங்கு வேலை செய்திருப்பதாகவும் மிச்சம்தான் வலது காலுடையது என்றும் காட்டியது.

இரண்டும் ஒரே உடம்பில் இருக்கிற கால்கள். ஒரே சோற்றில் வளர்ந்தவை. இதில் ஒன்றுக்கு மட்டும் என்ன சோம்பல்?

ஜூட் திண்டிவனத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தொப்பை விழுகிறதே என்று நாற்பது வயதில் சைக்கிள் ஆசை பிடித்து, நல்ல சைக்கிள் ஒன்றைப் பழசாக வாங்கியிருந்தார். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு தரகர் கைமாற்றிக் கொடுத்தது. இரண்டு பெடல் தண்டுகளிலும் பவர் மீட்டர் இருந்தது. எந்தக் கால் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறது என்பதை அளந்து திரைக்கு அனுப்பும் கருவி அது.

வீட்டுக்கு வந்து மனைவி டயானாவிடம் சொன்னார். மீட்டர் தப்பாகக் காட்டுகிறது, சரிசெய்ய வேண்டும் என்றார். கடையில் கால் பவர் வித்தியாசம் வந்தால்கூடக் கண்ணாடியைத் திருப்பி அனுப்புகிற ஆள் அவர்.

"இத்தினி நாளு கண்ணுக்குக் கால் பவர் பாத்தீங்க. இப்ப காலுக்கே பவர் பாக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள் டயானா.

மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது முதல் வைத்தியம். சைக்கிள் வெளிக்காற்றின் சூட்டுக்குப் பழகும்வரை வாசலில் நிற்க வேண்டும். பெடல் மேல் தூசு தவிர எதுவும் இருக்கக் கூடாது. ஜூட் தினமும் விடிந்ததும் அதைச் செய்தார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் போகக்கூடாது என்று சட்டம் போட்டதால், டயானா கோலம் போடாமல் வாசலைச் சும்மா விட்டாள். அந்த வாரக் கடைசியில் இடது கால் ஐம்பத்தெட்டுக்கு ஏறியிருந்தது.

பேட்டரியை மாற்றினார். அறுபதானது.

அடுத்து, மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த நண்பர் முத்துசாமியிடம் போய், முத்திரை குத்திய இருபது கிலோ எடைக்கல்லை வாங்கினார். பெடலைப் படுக்கைவசமாக நிறுத்தி, கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். இடப்பக்கம் சரியாக இருந்தது. வலப்பக்கமும் கிராம் பிசகாமல் அதே எண்தான் வந்தது. முத்துசாமி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சைக்கிளிலேயே மண்டியைச் சுற்றி வந்தார். திரை பாதிக்குப் பாதி காட்டியது.

"கல்லும் சரியாகீது, மிஷினும் சரியாகீது. அப்போ..." என்று ஆரம்பித்த முத்துசாமி, ஜூட்டின் வலது காலைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமல் கல்லைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜூட்டுக்குக் கோபம் வந்தது. மறுநாளே டாக்டரிடம் போனார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பும் நரம்பும் நன்றாக இருப்பதாகச் சொல்லி, வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். அறுபதுக்கு நாற்பது என்று ஜூட் சொன்னதை அவர் ரத்த அழுத்தம் என்று நினைத்துக்கொண்டு உடனே படுக்கச் சொன்னார்.

மீட்டரும் சரி, காலும் சரி என்றால் பழக்கம்தான் தப்பு என்று ஜூட் முடிவு கட்டினார். வலது காலுக்குக் கூடுதல் வேலை கொடுக்கத் தொடங்கினார். சைக்கிளில் வலது பெடலை மட்டும் ஆத்திரத்தோடு மிதித்தார். கடையில் வலது காலில் மட்டும் கொக்கு போல நின்றுகொண்டே கண்ணாடி மாட்டிவிட்டார். கண் பரிசோதனைக்கு வந்த ஒரு பெரியவர், கடைக்காரர் சாய்ந்து தெரிகிறார், தன் பார்வை ரொம்பக் கெட்டுவிட்டது என்று பயந்து போனார்.

இடது கால் அறுபத்தாறு. வலது முழங்கால் வீங்கியது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை ஜூட் யாரிடமும் சொல்லவில்லை. பெருமுக்கல் சாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், வலது பெடலை அழுத்தும்போதெல்லாம் அது உடனே கீழே போவதில்லை. அடியில் யாரோ ஒரு பாதத்தை வைத்து, மெல்ல, பொறுமையாக மேலே தள்ளுவது போல இருந்தது. நிறுத்தி இறங்கிப் பார்ப்பார். பெடல் தானாக ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். இருபுறமும் கேப்பைக் கொல்லையில் ஒரு கதிர்கூட அசையாது.

ஒரு நாள் காலை டயானா முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

"ஹால்ல யாரோ ஒரு கால இழுத்து இழுத்து நடக்கற சத்தம் கேட்டுச்சு. கர்த்தரேன்னு ஜெபம் பண்ணிக்கினே வந்து பாத்தேன்."

"யாரு?" என்றார் ஜூட்.

"நீங்கதான்."

ஜூட் தரகருக்குப் போன் போட்டார். முதலில் பிடிகொடுக்காத தரகர், பிறகு சைக்கிளை வைத்திருந்தவர் வல்லத்துக்காரர், பெயர் ஆரோக்கிய ஜெனித் என்று மட்டும் சொன்னார். எதற்கு விற்றார் என்று கேட்டதற்கு, "அவரால இனிமே ஓட்ட முடியாதுங்க. அதுக்கு மேல கேக்காதீங்க" என்று வைத்துவிட்டார்.

அப்படியென்றால் இது செத்தவருடைய சைக்கிள். டயானா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். அன்றைக்கே ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்துச் சைக்கிளை ஏற்றினார்கள். காசு எதுவும் திரும்ப வேண்டாம், உரிய இடத்தில் விட்டால் போதும் என்பது அவள் கட்சி. வழியெல்லாம் ஜூட் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வல்லத்தில் வீட்டு வாசலில் ஒரு பெண் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தாள். ஜெனித்தின் தங்கை அக்னஸ் என்றாள். ஜூட் கைகளைக் கட்டிக்கொண்டு, துக்க வீட்டுக் குரலில், "அண்ணன் எப்பம்மா தவறிப்போனாரு?" என்று கேட்டார்.

"யாரு தவறுனது? உள்ளே சாப்டுக்கினு இருக்காரு."

ஜெனித் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். நல்ல ஆகிருதியான மனிதர். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார்.

ஜூட்டுக்கு மலையை இறக்கி வைத்தது போல இருந்தது. எல்லாம் விளங்கிவிட்டது என்று சிரித்தார். ஊனக் கால் இத்தனை வருஷம் மிதித்ததில் தண்டுகள் அதற்கே பழகிவிட்டன, அந்தப் பழக்கத்தில்தான் தன் காலையும் குறைத்துக் காட்டியிருக்கின்றன, வீணாகக் காலை வருத்திக்கொண்டதுதான் மிச்சம், பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று மூச்சுவிடாமல் சொன்னார். சைக்கிளைத் திரும்ப ஏற்றலாமா என்றுகூட டயானாவிடம் கேட்டார்.

ஜெனித் சிரிக்கவில்லை. ஜூட்டின் வலது முழங்காலில் சுற்றியிருந்த துணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்னஸ் மல்லாட்டையைத் துழாவிக்கொண்டே சொன்னாள்:

"எங்க அண்ணனுக்குக் காலு நல்லாத்தாங்க இருந்துச்சு. இந்தச் சைக்கிள எங்களுக்கு வித்தாரு பாருங்க விக்கிரவாண்டிக்காரரு, அவருதான் வலது கால இழுத்துக்கினு வந்தாரு."