மேனேஜர் கேட்ட நாற்பது அட்டை

சார்ட் சாரின் பல்லில் ஜிகினா மின்னியதை முதலில் பார்த்தவர் டெப்போ மேனேஜர்தான்.

"என்ன சார், தங்கப் பல் கட்டியிருக்கீங்களா?"

"இல்லையே சார்."

"பின்னே உள்ளே ஏதோ பளபளங்குதே!"

சார்ட் சார் கை கழுவும் இடத்துக்கு ஓடிப்போய், கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து பார்த்தார். கடைவாய்ப் பல்லில் பச்சை ஜிகினா ஒரு துளி. காலையில் சாப்பிட்ட ரொட்டியோடு உள்ளே போயிருக்க வேண்டும். சுண்டு விரல் நகத்தால் அதைச் சுரண்டி எடுத்தார். அங்கேயே, அந்தக் குழாயடியிலேயே, ஒரு முடிவுக்கு வந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சாப்பாட்டு மேசையை மீட்டே தீருவது.

அந்த பஸ் டெப்போவில் எந்த பஸ்ஸை யார் ஓட்டுவது, யார் விடியற்காலையில் வருவது, யாருக்கு என்றைக்கு லீவு என்று அட்டவணை போடுவது அவர் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். அவர் பென்சிலைக் கையில் எடுத்தால் ஆறடி டிரைவரும் அரையடியாகிக் குழைவார். ஆனால் அந்தப் பென்சிலின் அதிகாரம் டெப்போ வாசலோடு சரி. வீட்டில் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்பதைக்கூட அவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "அதுல உட்காராதீங்க, பசை காயுது" என்பார்கள்.

எல்லாம் அந்த வாழ்த்து அட்டைகளால் வந்தது.

அவர் மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் மூக்கையும் காதையும் அளந்து, ஃப்ரேமை நிமிர்த்தி, வளைத்து, மாட்டிவிட்டு, ஐந்தரை மணிக்குக் கிளம்பி வருவாள். வந்ததும் சமையல், துவைத்த துணி மடிப்பு, நாளைய டிபன் பாக்ஸுக்கு ஏற்பாடு. அப்புறம் மகள் வீட்டுப்பாடம் எழுதும் முக்கால் மணி நேரம் மட்டும் அவளுக்கே அவளுக்கு. அந்த முக்கால் மணியில்தான் அட்டை செய்வாள். தோழிக்குப் பிறந்தநாள் என்றால் ஒரு அட்டை. எதிர்வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் என்றால் ஒரு அட்டை. மாடிவீட்டுப் பூனை குட்டி போட்டதற்குக்கூட, மூன்று குட்டி வைத்த ஓர் அட்டை போனது.

வேலை முக்கால் மணிதான். ஆனால் சாமான்கள் இருபத்துநாலு மணி நேரமும் மேசையிலேயே குடியிருந்தன. வண்ணக் காகிதம், நெளிநெளியாய் வெட்டும் கத்தரிக்கோல், பூப்பூவாய்த் துளை போடும் கருவி, ரிப்பன், பொத்தான், ஜிகினா டப்பா. எட்டு மாதமாகக் குடும்பம் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டது. பஸ்ஸில் போகிற மாதிரியே இருக்கிறது என்று சார்ட் சாருக்குத் தோன்றும். அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மேசையில் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, அன்றைக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டே நாலு வாய் சாப்பிட வேண்டும். அதை அப்படியே சொல்லியிருந்தால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும். அவர் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார்.

"இது வெட்டி வேலைம்மா."

"ஆமாங்க. வெட்டி வேலையும் இருக்கு, ஒட்டி வேலையும் இருக்கு."

"விளையாடாதே. எப்பத்தான் விடறதா இருக்கே?"

"அட்டை ஒரு தடவை ஒட்டிக்கிச்சுன்னா லேசில விடாதுங்க."

வீட்டில் 'வக்கீல்' என்று அழைக்கப்பட்ட ஒன்பது வயது மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, நீங்க டிவியில மேட்ச் பார்க்கிறது வெட்டி வேலையா, ஒட்டி வேலையா?"

சார்ட் சாருக்கு ஒன்று புரிந்தது. நேரடிப் போர் உதவாது. தந்திரம்தான் வழி.

ஞாயிற்றுக்கிழமை மாலை, முகத்தில் பெருமையை வரவழைத்துக்கொண்டு அவர் மேசைப் பக்கம் வந்தார்.

"உனக்கு ஒரு சந்தோஷமான செய்தி. எங்க மேனேஜர் நீ செஞ்ச அட்டையைப் பார்த்து அசந்துட்டார். டெப்போ ஆட்களுக்குக் கொடுக்க நாற்பது அட்டை வேணுமாம்."

"நாற்பதா!"

"ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாதாம். அடுத்த சனிக்கிழமை காலையில கையில இருக்கணுமாம்."

இதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. மேனேஜர் அந்த வீட்டு அட்டை எதையும் கண்ணால் கண்டதில்லை. கணக்கு இதுதான்: வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, ஆறு நாளில் நாற்பது அட்டை மனிதப் பிறவியால் ஆகாது. 'என்னால முடியாதுங்க' என்று அவள் கண்ணைக் கசக்குவாள். 'பரவாயில்லை, நான் பேசிக்கிறேன். இனிமே இந்தத் தொல்லையே வேண்டாம், மேசையைக் காலி பண்ணிடு' என்று அவர் அவள் தலையைத் தடவிக்கொடுப்பார். தடவிக்கொடுக்கக் கையைக்கூடத் தயாராகத் தூக்கி வைத்திருந்தார்.

அவள் கண்ணைக் கசக்கவில்லை. கையைத் தட்டினாள்.

"முடிச்சிடலாங்க! ஆனா வீட்டு வேலை இருக்கே..."

"அதானே பார்த்தேன். அதனால..."

"அதனால அதை நீங்க பார்த்துக்குவீங்க. உங்க மேனேஜர் ஆர்டராச்சே, விடுவீங்களா?"

தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

மறுநாள் திங்கட்கிழமை மாலை அவர் வீடு திரும்பியபோது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கட்டம் போட்டு, நேரம் போட்டு, அவர் டெப்போவில் போடுகிற மாதிரியே அச்சு அசலாக ஒரு டியூட்டி சார்ட். காலை ஆறு முதல் எட்டு, சமையல்: அப்பா. மாலை ஆறு முதல் ஏழு, சமையல்: அப்பா. பாத்திரம்: அப்பா. துணி: அப்பா. வீட்டுப்பாடம்: அப்பா. ரிசர்வ்: அப்பா.

"ரிசர்வ் எதுக்கு?"

"அப்பா லீவு போட்டா அப்பா வரணும்ல" என்றாள் வக்கீல். சார்ட் அவள் கையெழுத்தில்தான் இருந்தது.

"வார ஓய்வு எங்கே?"

"ஆர்டர் முடிஞ்சதும் தர்றோம்" என்றாள் மனைவி. அன்றைக்கு அவள் கடையிலிருந்து வந்தது முதல் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். புது ஆர்டர் வந்த சந்தோஷம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த வாரம் அவருக்கு ஓடியதா, அவர் மேல் ஏறி ஓடியதா என்று சொல்வது கஷ்டம்.

செவ்வாய்க்கிழமை சோறு அடிப்பிடித்தது. மேலாக எடுத்துப் பரிமாறி, தப்பித்ததாக நினைத்தார். "அப்பா, புகை வாசனை மேல் மாடி வரைக்கும் போயிருக்கும்" என்றாள் வக்கீல். புதன்கிழமை மகளுக்கு வெள்ளை ஷூ போட வேண்டிய நாள் என்பது பள்ளிக்கூட வாசலில்தான் தெரிந்தது. திரும்பி ஓடி, எடுத்து வந்து, வாட்ச்மேன் பார்க்க நடைபாதையில் உட்கார்ந்து மாற்றிவிட்டார். அன்று மாலை துணியைத் துவைத்துக் காயப்போட்டார். வியாழக்கிழமை அதில் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு டெப்போவுக்குப் போனார். வெயிலில் முற்றத்தைக் கடந்தபோது டிரைவர்கள் கண் கூசி ஒதுங்கினார்கள். மேசை விரிப்பையும் சேர்த்து மெஷினில் போட்டிருந்தார். இருந்த ஜிகினா முழுவதும் சட்டைக்கு வந்து சேர்ந்திருந்தது.

"சார், இன்னிக்கு ஹெட்லைட் நீங்களே போட்டுக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார் ஒரு டிரைவர்.

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவருக்கே புரியாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. சமையலறைத் திண்டில் இடம் போதாமல் அவர் காய்களை மேசை ஓரத்துக்குக் கொண்டுவந்து நறுக்கினார். எதிரே அவள் காகிதம் நறுக்கினாள். நறுக்கியபடியே கடைக்கு வந்தவர்களைப் பற்றிச் சொன்னாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, காணோம் என்று புகார் கொடுக்க வந்த பெரியவரைப் போல நடித்துக் காட்டினாள். அவர் சிரித்த சிரிப்பில் வெங்காயத்துக்கு வந்த கண்ணீர் எது, சிரிப்புக்கு வந்தது எது என்று தெரியவில்லை. எட்டு மாதத்தில் இவ்வளவு பேசியதில்லை.

கூடவே ஒரு முள்ளும் குத்தியது. தினமும் இத்தனையையும் முடித்துவிட்டா இவள் கடைக்குப் போகிறாள்? இத்தனைக்கும் அப்புறம் மிஞ்சுகிற முக்கால் மணி நேரத்தையா நான் பிடுங்கப் பார்த்தேன்? அவள் ஒரு குட்டி பஸ் செய்து, அதற்குத் திறந்து மூடும் கதவு வைத்து, கதவுக்குள் ஒரு கண்டக்டரை நிறுத்தி, பசை காய ஊதிக்கொண்டிருந்தாள். உதட்டைக் குவித்து ஊதும் அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் நறுக்குவதை நிறுத்தினார். யாருக்கும் வேண்டாத நாற்பது அட்டைக்காக இந்த ஊதல்!

முழுதாக ஒப்புக்கொள்ளத் தைரியம் வரவில்லை. பாதி ஒப்புக்கொண்டு பார்க்கலாம் என்று தோன்றியது.

"இங்க பாரு, மேனேஜர் இன்னிக்கு சொன்னார். இருபது அட்டை போதுமாம்."

"அப்படியா? முழுசா இல்லாம பாதிப் பேருக்கு மட்டும் கொடுத்தா மனஸ்தாபம் வருமே. இருங்க, நானே போன் பண்ணி அவர்கிட்ட கேட்டுடறேன்."

"வேண்டாம்! வேண்டாம்!" கத்தி கீழே விழுந்தது. "நாற்பதே இருக்கட்டும். அவர் ரொம்ப பிஸி."

"பாவம். நல்ல மனுஷன்" என்றாள் அவள். "அவரால எனக்கு எவ்வளவு பெரிய உபகாரம்!"

வக்கீல் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் ஏன் குலுங்குகிறது என்று அவர் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை, நீல ரிப்பன் கட்டிய ஓர் அட்டைப் பெட்டியை மனைவி அவர் கையில் கொடுத்தாள். "பத்திரம். கசங்கிடப் போகுது." அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். திட்டம் தயாராக இருந்தது. டெப்போவில் பயணிகள் தவறவிட்ட சாமான்களை வைக்கும் அறையில் பீரோ ஒன்று உண்டு. அதன் சாவி அவரிடம்தான். குடைகளுக்குப் பின்னால் பெட்டியை ஒளித்துவிட்டு, மேனேஜர் பாராட்டி மகிழ்ந்தார் என்று வீட்டில் ஒரு கடைசிப் பொய்யைச் சொல்லிவிட்டால் விவகாரம் முடிந்தது.

பீரோவைத் திறந்தார். குடைகளை ஒதுக்கினார். மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ரிப்பனை அவிழ்த்தார்.

எத்தனை அழகு! ஒவ்வோர் அட்டையிலும் ஒவ்வொரு பஸ். மழையில் போகும் பஸ், மலை ஏறும் பஸ், ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு முகம் தெரியும் பஸ். மேலாக இருந்ததன் கதவை விரலால் திறந்தார். உள்ளே கண்டக்டர். அவர் கையில் டிக்கெட் அளவுக்கு ஒரு துண்டு. அதில் மனைவியின் குட்டிக் குட்டி எழுத்து:

"அன்புடையீர், நாளை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டில் வாழ்த்து அட்டை செய்யக் கற்றுத்தரப்படும். குடும்பத்தோடு வாருங்கள். டீ போடுதல், பரிமாறுதல், பாத்திரம் கழுவுதல்: உங்கள் சார்ட் சார். ஒரு வாரம் முறையாகப் பயிற்சி பெற்றவர்."

அவர் அடுத்த அட்டையைத் திறந்தார். அதே வாசகம். அடுத்தது. அதே. நாற்காலி தேடி, கிடைக்காமல், தவறவிட்ட டிரங்குப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

அடியில் ஓர் உறை தனியாக இருந்தது. 'என்னங்க' என்று மட்டும் மேலே எழுதியிருந்தது. உள்ளே ஒரு சின்ன அட்டை. ஜிகினா இல்லை, ரிப்பன் இல்லை. ஒரு மேசை, அதன் இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலி, அவ்வளவுதான் படம்.

"எட்டு மாதமாக நாளுக்கு முக்கால் மணி நேரம் வைத்திருந்தேன். இந்த வாரம் முழு மாலையும் கொடுத்தீர்கள். பொய்யாகக் கொடுத்தாலும் மெய்யாக உழைத்தீர்கள். இனிமேல் மேசையில் பாதி உங்களுக்கு. சோறு மட்டும் அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

அவர் அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுத்து கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி அப்புறம்தான் வந்தது. பதிலும் கூடவே வந்து அறை வாசலில் நின்றது.

"சார்ட் சார்! இங்கேயா இருக்கீங்க?" மேனேஜர் புதுக் கண்ணாடி போட்டிருந்தார். "எப்படி இருக்கு? உங்க வீட்டம்மா எடுத்துக் கொடுத்த ஃப்ரேம். திங்கட்கிழமை கண் காட்டப் போனேன். 'நாற்பது அட்டை ஆர்டர் கொடுத்ததுக்கு ரொம்ப நன்றி சார்'னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. 'நான் எதுவும் சொல்லலையேம்மா'ன்னேன். சிரிச்சாங்க பாருங்க, கடையே திரும்பிப் பார்த்துச்சு. 'வெள்ளிக்கிழமை வரைக்கும் அவர்கிட்ட மூச்சு விடாதீங்க'ன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"சார், அது வந்து..."

"நேத்து கண்ணாடி வாங்கப் போனப்ப எனக்கு முதல் அட்டை கொடுத்தாங்க." சட்டைப் பையிலிருந்து குட்டி பஸ் ஒன்று எட்டிப் பார்த்தது. "மத்ததெல்லாம் இதுதானா? கொடுங்க, டியூட்டி ரூம்ல நானே எல்லாருக்கும் கொடுத்துடறேன்."

பெட்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்த மேனேஜர், திரும்பி நின்றார்.

"நாளைக்கு டீயில எனக்கு மட்டும் சர்க்கரை போடாதீங்க சார், கூட வர்ற என் வீட்டம்மாவுக்கும் மாமனார் மாமியாருக்கும் ரெண்டு ரெண்டு ஸ்பூன்."