எபிசோடுக்கு ஒரு குண்டான்

"மேயர்தான்" என்றேன், நானூறாவது முறையாக.

என் மனைவி ராதோய்கா காபி கலக்குவதை நிறுத்தவில்லை. "செத்துப்போன இன்ஜினீயர்" என்றாள், அவளும் நானூறாவது முறையாக.

இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் நடக்கும் உரையாடல் இது. 'அணைக்கட்டு' தொடரின் முதல் சீசன், கடைசிக் காட்சி. யாரோ அணைக் காவலாளியின் கதவைத் தட்டுகிறார்கள். அவன் திறக்கிறான். முகம் வெளிறுகிறது. திரை இருண்டுவிடுகிறது. தட்டியது யார் என்று கேட்டால் இரண்டு வருஷம் பதில் சொல்லாமல் இருக்கும் வசதி தொடர் எடுப்பவர்களுக்கு மட்டும்தான் உண்டு. எனக்கு வீட்டில் இரண்டு நிமிஷம்கூடக் கிடையாது.

நான் லெஸ்கோவாட்ஸ் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் இருபத்தேழு வருஷமாக வேலை பார்க்கிறேன். அணை சம்பந்தப்பட்ட எதிலும் என் கருத்துக்குத் தனி எடை உண்டு என்பது என் எண்ணம். தண்ணீர் மீட்டருக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம் என்பது அவள் எண்ணம்.

இரண்டாவது சீசன் செப்டம்பர் கடைசி ஞாயிறு, இரவு எட்டு மணிக்கு என்று அறிவித்தார்கள். ஊரே சிவப்புக் குடமிளகாய் சுட்டு, குளிர்காலத்துக்கு அய்வார் தொக்கு கிளறும் வாரம் அது. பந்தயம் தானாகவே அமைந்தது. தட்டியது யார் என்பதில் தோற்றவர் நாற்பது கிலோ மிளகாயையும் தனியாகத் தோல் உரிக்க வேண்டும். சுட்ட தோல் விரலில் ஒட்டும். நகத்துக்குள் போகும். ஒரு வாரத்துக்குக் கை கையாக இருக்காது. கல்யாணமான பின் வந்த இருபத்தாறு செப்டம்பர்களிலும் உரித்தது நான்தான், எந்தப் பந்தயத்திலும் தோற்காமலே. ஜெயித்தால் இந்த ஒரு வருஷம் விடுதலை.

வியாழக்கிழமை ராதோய்கா ஐந்தாம் மாடியிலிருந்து இரண்டு செய்திகளோடு இறங்கி வந்தாள். மிலுங்காவுக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதாம். அவள் வீட்டுக்காரர் தீஹோமிர் சந்தா கட்டிய டிவி பெட்டியில் புது சீசன் ஆறு எபிசோடும் மொத்தமாக வந்துவிட்டதாம். "பாவம், இருந்தும் பார்க்க முடியல அவங்களால. மிளகாய் குவிஞ்சு கிடக்கு" என்றாள். நம் மிளகாய் திங்கட்கிழமைதான் வரும் என்று சந்தைக்காரர் சொல்லிவிட்டார் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைத்தாள்.

அண்டை வீட்டாரின் துன்பத்தில் பங்கெடுப்பது மனிதக் கடமை. வெள்ளிக்கிழமை அலுவலகம் விட்டதும் நேராக ஐந்தாம் மாடிக்குப் போனேன்.

தீஹோமிர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். எதையும் அட்டவணை போட்டுத்தான் செய்வார். என் தர்மசங்கடத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"முதல் எபிசோடை மட்டும் பார்க்கணும். அவ்வளவுதானே, கொம்ஷியா?"

அண்டை வீட்டானை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் எதையாவது தலையில் கட்டுவதற்கு முன்னால்.

"அவ்வளவுதான்."

"நம்ம வீட்ல ஒரு எபிசோடுக்கு ஒரு குண்டான்."

முற்றத்து அடுப்பில் சுட்ட மிளகாயை ஒரு நீலக் குண்டானில் மூடி வைத்திருந்தார். விளிம்பில் எனாமல் பெயர்ந்திருந்தது. எங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. இந்த ஊரில் எல்லோரும் ஒரே கடையில்தான் பாத்திரம் வாங்கித் தொலைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். மடியில் துணியை விரித்து உட்கார்ந்தேன்.

கதவைத் தட்டியது மேயர் இல்லை. இன்ஜினீயரும் இல்லை. காவலாளியின் முதல் மனைவி.

நான் அப்போதே எழுந்து போயிருக்கலாம். ஆனால் முதல் எபிசோடின் கடைசியில் அவள் கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துவிட்டாள். எந்தக் கதவின் சாவி என்று தெரியாமல் ஒரு மனிதன் எப்படித் தூங்குவான்? தீஹோமிர் அடுத்த குண்டானைக் கொண்டுவந்து வைத்தார். வெள்ளி இரண்டு, சனி இரண்டு, ஞாயிறு மதியம் இரண்டு. உரித்ததையெல்லாம் அவர் சமையலறைக்குள் கொண்டுபோவார். உள்ளே மிலுங்கா யாருடனோ பேசிச் சிரிப்பது கேட்கும். சுளுக்கோடு சிரிக்கிறாளே, நல்ல தைரியசாலி என்று நினைத்தேன்.

வீட்டில் ராதோய்கா என் கறுத்த விரல்களைப் பார்த்து, அடுத்தவருக்கு உதவும் மனசு எல்லோருக்கும் வராது என்று பாராட்டினாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் பாராட்டு. கூச்சமாக இருந்தது.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் தொண்டையைச் செருமினேன். நிறைய யோசித்ததாகவும், மேயர் என்பதைக் கைவிடுவதாகவும் அறிவித்தேன்.

"பின்ன யாரு?"

"காவலாளியோட முதல் பொண்டாட்டி."

அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். "அவனுக்கு முதல் பொண்டாட்டி ஒருத்தி இருந்தான்னு போன சீசன்ல யாருமே சொல்லலையே, டோப்ரோ."

இதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் மனிதன் நெருக்கடியில்தான் பிரகாசிக்கிறான். "அவன் முகம் வெளிறின விதம் அப்படி. ஆம்பளைக்குப் போலீசைப் பார்த்தா அந்த மாதிரி வெளிறாது."

"சரி. நான் இன்ஜினீயர்லயே நிக்கிறேன்."

எட்டே முக்காலுக்குக் கதவு திறந்தது. முதல் மனைவி நின்றாள். ராதோய்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, உண்மையிலேயே மூச்சு விட மறந்து பார்த்தாள். எனக்குத் தெரியும், அடுத்து கைப்பை, சாவி. அடுத்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளும் எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் காத்திருந்ததை மூன்றே நாளில், பாதிக் கண்ணைக் குண்டானில் வைத்துக்கொண்டு தீர்த்துவிட்டிருந்தேன். இருந்தாலும் ஜெயித்தவன் நான்.

"நீதான் ஜெயிச்ச" என்றாள். "நாளைக்கு நான்தான் உரிக்கணும்."

திங்கட்கிழமை அலுவலகத்தில் எனக்கு மீட்டர் எண் எதுவும் கண்ணில் படவில்லை. சாய்வு நாற்காலியைச் சமையலறை வாசலுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கோப்பை காபியோடு அவள் உரிப்பதைப் பார்ப்பது என்பது என் திட்டம். முடிந்தால் யோசனையும் சொல்வது.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை இழுத்தேன். காபியும் போட்டேன். சமையலறை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"மிளகாய் எப்ப வரும்?"

"அது வியாழக்கிழமையே வந்துடுச்சே."

பால்கனிக் கதவைத் திறந்து காட்டினாள். எங்கள் குளிர்காலப் போர்வைக்குள் இருபத்தெட்டு ஜாடி அய்வார், சூடு ஆறாமல் வரிசையாக நின்றது. அதில் ஐந்து தீஹோமிருக்கு, அடுப்புக்கும் டிவிக்கும் சேர்த்து.

கதவு தட்டும் சத்தம். நான்தான் திறந்தேன். என் முகத்தை நானே பார்க்க முடியவில்லை. ஆனால் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். மிலுங்கா நின்றிருந்தாள். இரண்டு கைகளாலும், எந்தச் சுளுக்கும் இல்லாமல், விளிம்பு பெயர்ந்த எங்கள் நீலக் குண்டானைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

ராதோய்கா ஒரு ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இந்த வருஷம் ரொம்பச் சுத்தமா உரிச்சிருக்க, டோப்ரோ. நம்ம வீட்ல உக்காந்தா பாதித் தோலை விட்டுடுவ."

பிறகு இருவரும் என் காபியை ஆளுக்குப் பாதியாக ஊற்றிக்கொண்டு, அந்தச் சாவி எந்தக் கதவுடையது என்று பேச ஆரம்பித்தார்கள். மிலுங்கா படகுக் கொட்டகை என்றாள். ராதோய்கா மேயர் வீடு என்றாள். இரண்டுமே தப்பு. நான் பால்கனிக்குப் போய், ஓரத்தில் விலகியிருந்த போர்வையை இழுத்துக் கடைசி ஜாடியையும் மூடினேன்.