பறக்காது என்பதற்கான சான்றிதழ்

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிற ஒருவர் வீட்டில் வைத்திருக்கக்கூடியவை இவை: ஒரு வெள்ளைப் பலகை, நாற்பது பிளாஸ்டிக் கதிரைகள், சுழல்வதாகப் பாவனை செய்யும் இரண்டு மின்விசிறிகள். ஓர் ஏவுகணையும் வைத்திருக்கலாமா என்பது பற்றி எந்தச் சுற்றறிக்கையும் வாய் திறக்கவில்லை. சிவானி டீச்சரின் கெட்ட காலம் அங்கேதான் தொடங்கியது.

ஆளுயரத்துக்கு ஆறங்குல பி.வி.சி குழாய். வெள்ளை நுரை அட்டையான ரெஜிபோமில் வெட்டிய சிறகுகள். ஐஸ்கிரீம் கிண்ணத்தில் மூக்கு. எஞ்சினுக்குக் காற்று உறிஞ்சும் வாயாக வயிற்றடியில் ஒரு பால்மா டின். அலை, றேடார், ஈர்ப்பு மையம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளங்கப்படுத்த டீச்சர் தன் கையாலேயே செய்து மேலே தொங்கவிட்டிருந்தார்.

ஒழுங்கையில் வகுப்புப் பிள்ளைகளின் சைக்கிள்கள் வழியை மறிக்கின்றன என்ற முறைப்பாட்டை விசாரிக்க வந்த உத்தியோகத்தர் அண்ணாந்து பார்த்தார்.

"அது என்ன, டீச்சர்?"

"கப்பலைத் தாக்கிற குறூஸ் ஏவுகணை."

'மாதிரி' என்ற சொல்லை டீச்சர் சேர்ப்பதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார். அரச கொப்பியில் எழுதியதை வெட்டக்கூடாதாம்.

"தண்ணிக் குழாய் எண்டு சொல்லியிருக்கலாமே!" கணவர் பிரியந்தன் தலையில் கைவைத்தார்.

"கேட்ட கேள்விக்குப் பிழையான விடை சொல்லுறதோ? நான் டீச்சரப்பா!"

ஏவுகணை முச்சக்கரவண்டியில் வால் வெளியே நீட்டியபடி கொள்ளுப்பிட்டிக் காரியாலயத்துக்குப் போனது. பதிலுக்கு ஒரு கடிதம் வந்தது. மேற்படி ஏவுகணை பறக்காது என்ற சான்றிதழ் கிடைக்கும் வரை மேற்படி வகுப்பு இடைநிறுத்தப்படுகிறது. பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் வேறு வகுப்புகளுக்குச் சிதறினார்கள். பன்னிரண்டு வருடம் கட்டி வளர்த்த வகுப்பு. டீச்சருக்கு அழுகை வந்தது, அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஐயப்பாட்டுப் பொருட்கள் வகைப்படுத்தல் பிரிவில் முர்ஷித் என்ற உத்தியோகத்தர் மரியாதையாகக் கதிரை காட்டினார்.

"என்ட மகளும் பிசிக்ஸ்தான், டீச்சர். சரி, இது எவ்வளவு தூரம் போகும்?"

"உண்மையானதோ, என்ரயோ?"

"படிவத்தில ஒரு கட்டம்தான் இருக்கு."

"உண்மையானது இருநூறு கிலோமீற்றர் போகும்."

எழுதினார். "உயரம்?"

"கடைசியில அலைக்கு மேல நாலைஞ்சு மீற்றர். பூமி உருண்டையா இருக்கிறதால கப்பலின்ர றேடாருக்கு நல்லாக் கிட்ட வரும்வரைக்கும் தெரியாது."

"பூமி உருண்டை என்டதுக்கு ஏதும் கடிதம்?"

"இல்லை, சேர்."

"பிறகு தாங்க. கப்பலை எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"மூக்கில சின்ன றேடார் இருக்கும். வழி முழுக்க அதை மூடி வைச்சிருக்கும். கிட்டப் போனாப் பிறகுதான் திறக்கும்."

முர்ஷித் பணிப்பாளரின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "எங்கட சேரும் அப்படித்தான். ஓய்வு பெறக் கிட்டத்தான் கண்ணைத் திறந்தவர்."

"சேர், என்ரதுக்குள்ள எஞ்சினே இல்லை. பால்மா டின். பறக்காது எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ."

"பறக்க விட்டுப் பார்க்காம எழுத ஏலா, டீச்சர்."

"அப்ப விட்டுப் பாருங்கோ."

"பறக்க விட அனுமதி எடுக்க வேணும். பறக்கிற சாமானுக்கு மட்டும்தான் அனுமதி கொடுக்கலாம்."

இப்படியே ஆறு வாரம் போனது. அப்போதுதான் நாட்டில் புதிய மோகம் ஒன்று கிளம்பியது: உள்ளூர்க் கண்டுபிடிப்பு வாரம். ஒவ்வொரு காரியாலயமும் தன் சாதனை ஒன்றைக் காட்சிக்கு வைக்க வேண்டும். பிரிவின் களஞ்சியத்தில் உடைந்த போட்டோக்கொப்பி இயந்திரம் ஒன்றும் சிவானி டீச்சரின் ஏவுகணையும்தான் இருந்தன. ஏவுகணைக்கு வெள்ளிப் பூச்சு அடித்து, மாலை போட்டு, பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தானும் பூட்டினார்கள். பொத்தானுக்கு வயர் கிடையாது. பிரதம அதிதி அழுத்தினார். கைதட்டல் எழுந்தது. ஏவுகணை எழவில்லை. மீண்டும் அழுத்தினார். மூன்றாம் தரம் அழுத்தும்போது பணிப்பாளருக்கு வியர்த்துக் கொட்டியது.

ஏவுகணை ஏன் எழவில்லை என்று ஆராய உடனே ஐவர் கொண்ட விசேட குழு நியமிக்கப்பட்டது. டீச்சர் ஆறு வாரமாகக் கெஞ்சிய வரி பத்தே நாளில் பதிவுத் தபாலில் வந்தது. "தங்களால் தயாரிக்கப்பட்ட ஏவுகணை பறக்கும் தகுதியற்றது என இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது. எதிர்காலத்திலாவது தரமாகத் தயாரிக்குமாறு எச்சரிக்கப்படுகிறீர்கள்."

டீச்சர் துள்ளிக் குதித்தார். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டினார். கதிரைகளைத் துடைத்தார். பெற்றோருக்கெல்லாம் செய்தி அனுப்பினார்.

முதலில் வந்தவர் மிதுனாவின் தாய், மகளையும் கூட்டிக்கொண்டு. "குறை நினையாதேங்கோ, மிஸ். ஏவுகணை எண்டவுடன பயந்துதான் பிள்ளையை மாத்தினனாங்கள். இப்ப பிரச்சினை இல்லையெண்டால் திரும்ப விடுவம்."

"ஒரு பிரச்சினையும் இல்லை. இந்தாங்கோ, வாசியுங்கோ."

அவர் எழுத்தெழுத்தாக வாசித்தார். முகம் சுருங்கியது.

"பறக்கேல்லையோ?"

"ஓம், பறக்காது!" என்றார் டீச்சர் பெருமையாக.

"முத்திரை குத்தியெல்லாம் தந்திருக்கினம்..." அவர் மகளின் கையைப் பிடித்தார். "கோவிக்காதேங்கோ, மிஸ். இவளுக்கு எஞ்சினியரிங் கிடைக்கவேணும். செய்தது ஒண்டு, அதுவும் பறக்காத இடத்தில விட்டால் நாளைக்குச் சனம் என்ன சொல்லும்?"

அன்று வந்த பெற்றோர் எல்லோரும் சான்றிதழை வாசித்தார்கள், எல்லோரும் திரும்பிப் போனார்கள்.

அடுத்த கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு மாஸ்டர், கூரையில் தகரக் குழாய் ஒன்றைத் தொங்கவிட்டு, வாசலில் பதாகை கட்டினார்: "பௌதிகவியல். எங்களுடையது பறக்கும்." விடியற்காலையே வரிசை நின்றது. முதலாவதாகப் பதிந்த பிள்ளை முர்ஷித்தின் மகள்.