குடிக்கவா, கொடுக்கவா?

அன்று காலை கிடங்கின் ஓய்வறையில் இருந்தவர்கள்: ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், வாசல் காவலாளி, துப்புரவு வேலை செய்யும் அக்கா, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் பெஞ்சில் சாய்ந்திருந்த தராசு. காபி மெஷினும் இருந்தது. அது வேலை செய்யாததால் கணக்கில் சேராது.

தராசு என்பது பட்டப்பெயர். பார்சல்களை எடை போடுவது அவன் வேலை. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கடைசிவரை ஆடிக்கொண்டே இருப்பது அவன் குணம். இரண்டுக்கும் பொருந்தியதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

"போர்பன்னா என்னண்ணே?" என்று கேட்டான்.

"பிஸ்கட்டு," என்றாள் அக்கா. "நடுவுல கிரீம் வெச்சிருப்பான்."

"அது விஸ்கி, அக்கா. விஸ்கியில ஒரு ஜாதி," என்றார் காவலாளி.

"உனக்கெதுக்குடா அந்த வேலை?" என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர். "இருமல் மருந்து குடிச்சிட்டே ரெண்டு நாள் தள்ளாடுற ஆளு நீ."

தராசு கதவைப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். லீவில் இருக்கும் மேனேஜர் போன் செய்திருந்தார். "நல்ல போர்பனா ஒண்ணு பார்த்து வீட்டுல கொண்டாந்து கொடு. ரொம்ப விலையெல்லாம் வேணாம். திரும்பி வந்ததும் உன்னைப் பகல்ல போட்டுடறேன்."

மூன்று பேரும் சட்டென்று அவரவர் கைநகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஏன் என்று தராசுக்கு விளங்கவில்லை. அவனுக்கு விளங்காத விஷயங்களில் அதையும் சேர்த்துக்கொண்டான்.

அவன் மனைவிக்குச் சலவை நிலையத்தில் பகல் வேலை. இவன் வரும்போது அவள் போவாள், அவள் வரும்போது இவன் போவான். கல்யாணமானதிலிருந்து சேர்ந்து சாப்பிட்டதைவிட மாடிப்படியில் மோதிக்கொண்டதுதான் அதிகம். "நேத்து எலக்ட்ரீஷியனை நீங்கன்னு நினைச்சு வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டேன்," என்றாள் ஒருநாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "இந்த மாசத்துக்குள்ள பகலுக்கு மாறுங்க. இல்லேன்னா நான் எங்கக்கா வீட்டோட போயிடறேன். அங்கேயாவது பேச ஆள் இருக்கும்."

ஆகவே போர்பன்.

"பாட்டில்ல ஸ்ட்ரெயிட்டுனு எழுதியிருக்கும். அதைப் பார்த்து வாங்கு," என்றார் காவலாளி.

"சோளத்துல செஞ்சதான்னு கேளு," என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர். "பீப்பா உள்பக்கம் கருக்கினதா இருக்கணும்."

"கருகினதை எதுக்குண்ணே காசு கொடுத்து வாங்கணும்?"

"வாங்கிட்டு எனக்குப் போன் பண்ணு."

மதுக்கடை பளிச்சென்று மருந்துக்கடை மாதிரி இருந்தது. கல்லாவில் இருந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"போர்பன் வேணும். ஸ்ட்ரெயிட்டா."

"குடிக்கவா, கொடுக்கவா?"

"கொடுக்க. ஆனா அவர் குடிப்பார்."

"விலை கூடினதா?"

"கம்மியா. ஆனா நல்லதா."

"அப்ப பாட்டில் நல்லதா இருக்கணுமா, உள்ளே இருக்கிறது நல்லதா இருக்கணுமா?"

தராசு இந்தப் பக்கம் ஆடினான், அந்தப் பக்கம் ஆடினான். கடைக்காரர் கொட்டாவி விட்டார்.

"சரி, ப்ரூஃப் எவ்வளவு வேணும்?"

இது தெரிந்த கேள்வி. தராசு நிம்மதியாகப் பர்ஸைத் திறந்து கிடங்கு அடையாள அட்டையை எடுத்து வைத்தான். "இப்போதைக்கு ஒண்ணுதான் இருக்கு. அட்ரஸ் ப்ரூஃப் வீட்டுல இருக்கு, வேணும்னா எடுத்துட்டு வரேன்."

கடைக்காரர் அட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அட்டையைத் திருப்பித் தந்தார். "ப்ரூஃப்ங்கிறது இதோட காரம் சார். எண்பதா, நூறா?"

"எதுல ஆள் சீக்கிரம் சந்தோஷப்படுவார்?"

கடைக்காரர் முதன்முறையாகச் சிரித்து, குதிரைப் படம் போட்ட பாட்டிலைப் பையில் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் வந்தது. குதிரை கொஞ்சம் நோஞ்சானாகத் தெரிந்தது. ஃபோர்க்லிஃப்ட்காரருக்குப் போன் செய்தான். கூப்பிடட்டும் என்று காத்திருந்தவர் போல அவர் வந்து சேர்ந்தார்.

"நல்லதாண்ணே?"

"திறக்காம எப்படிடா சொல்றது?" என்றவர், அவன் வாய் திறப்பதற்குள் மூடியைத் திறந்துவிட்டார். ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, இன்னொரு வாய் குடித்தார். "சுமார்."

"இப்ப இதை எப்படிண்ணே கொடுக்கறது? சீல் போச்சே."

"சுமாரானதை ஏன் கொடுக்கணும்? வேற வாங்கிட்டு வா."

தராசு மறுபடி கடைக்கு ஓடினான். இந்தமுறை தாடிக்காரர் படம் போட்டது. அது குதிரையைவிட நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபோர்க்லிஃப்ட்காரரிடம் அதற்கு ஒரே வழிதான் இருந்தது. அதையும் திறந்தார்.

"இதுல வெனிலா வாசனை வரணும். வரலையே."

தராசு சமையலறைக்குள் போய், மனைவி கேக்குக்கு வைத்திருந்த வெனிலா எசன்ஸைத் தேடி எடுத்து வந்து நான்கு சொட்டு விட்டான். போதவில்லை என்று கொஞ்சம் சாய்த்தான். மூடி கழன்று மொத்தமும் கொட்டியது.

"இப்ப வருதாண்ணே?"

ஃபோர்க்லிஃப்ட்காரர் முகர்ந்து பார்த்தார். "இப்ப அது மட்டும்தான் வருது. குதிரையை இதுல கொஞ்சம் ஊத்து, சரியாயிடும்."

ஊற்றினான். சரியாகவில்லை. தாடிக்காரரைக் குதிரையில் ஊற்றினார்கள். எந்தப் பாட்டிலில் எது இருக்கிறது என்பது கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் மறந்துபோனது.

"என் நாக்கு மரத்துப்போச்சு," என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர். "நீதான் பார்த்துச் சொல்லணும்."

"நான் குடிக்கமாட்டேனேண்ணே."

"குடிக்க யாருடா சொன்னா? ருசி பாரு. உன் பொண்டாட்டி அக்கா வீட்டுக்குப் போகட்டுமா?"

தராசு ருசி பார்த்தான். தொண்டையில் யாரோ தீக்குச்சி உரசினார்கள். எது நல்லது என்று தெரியவில்லை, அதனால் இன்னொன்றையும் ருசி பார்த்தான். பிறகு முதலாவது மறந்துவிட்டது. அப்போது போன் அடித்தது. மனைவி.

"கொடுத்தாச்சா?"

"எடை போட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஏன் பேச்சு வழுக்குது?"

"பல்லு வலி."

"அவர்கிட்ட ஒழுங்கா நின்னு பேசுங்க. என்னால இனிமே முடியாது," என்றாள். குரல் சத்தமாகக்கூட இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தால் ஃபோர்க்லிஃப்ட்காரர் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தராசு முகத்தைக் கழுவினான், பல் தேய்த்தான், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறையாகக் கடைக்குப் போனான்.

"குடிக்கவா, கொடு..." என்று ஆரம்பித்த கடைக்காரர், அவனிடமிருந்து வந்த வாடையில் நிறுத்திக்கொண்டார். "குடிக்கத்தான்."

"எனக்குத் திறக்கவே முடியாத பாட்டில் வேணும்," என்றான் தராசு.

வாயில் மெழுகு வைத்து அடைத்த பாட்டில் ஒன்று கிடைத்தது. விலையைக் கேட்கவில்லை. நல்லதா என்றும் கேட்கவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நடைபாதையின் ஓரக்கல்லைப் பிடிவாதமாகப் பார்த்தபடி, மேனேஜர் வீட்டுக்குப் போய் மணியை அடித்தான். மத்தியான வெயில் மண்டைக்குள்ளேயே அடித்தது.

மேனேஜரின் மனைவி கதவைத் திறந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சார் இருக்காரா?"

"தூங்கறார்."

"இதைக் கொண்டாரச் சொன்னார். போர்பன்."

அவள் பெயரைக்கூடப் படிக்காமல் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். "நீங்க எந்த செக்‌ஷன்?"

"எடை."

"எடையிலேர்ந்து இன்னும் யாரும் வரலையேன்னு பார்த்தேன்."

அவளுக்குப் பின்னால் செருப்பு அலமாரியின் மேல் காலிப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. தராசு அவற்றை எண்ணப் பார்த்தான். நிலையாக நிற்க மறுத்தன. அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததை ஒழுங்காகச் சொன்னான்.

"லீவு முடிஞ்சு வந்ததும் என்னைப் பகல்ல போடறேன்னு சார் சொல்லியிருக்கார். நீங்க கொஞ்சம் ஞாபகப்படுத்தணும்க்கா. என் சம்சாரம் ரொம்ப நம்பிக்கிட்டு இருக்கா."

அவள் அவன் சிவந்த கண்ணையும், திருப்பிப் போட்ட சட்டையையும் நிதானமாகப் பார்த்தாள்.

"லீவா? பகல்ல போட்டதுக்குத்தானே தம்பி அவரை வேலையை விட்டே தூக்கினாங்க," என்று சொல்லிவிட்டு, பாட்டிலோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.